எல்லோரும் கைவிட்ட பிட்சரை நீங்கள் ஏன் எடுக்க வேண்டும்?

வணக்கம் நண்பர்களே! ஃபேன்டசி பேஸ்பால் என்றால் நிஜ வீரர்களை வைத்து நாமே ஒரு அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிவிவரங்களால் போட்டி போடுவது. உங்கள் அணிக்கு ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், இருக்கிறார். ஈஆர்ஏ 4.50. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு நாலரை ரன் கொடுக்கிறார். எல்லோரும் அவரைக் கழற்றிவிட்டார்கள். நான் எடுங்கள் என்கிறேன். ஏன்?

பின்னணி ஒரே வரிதான்: 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ஆரம்பித்த ரோட்டிசரி லீக்கிலிருந்து வளர்ந்ததுதான் இந்த விளையாட்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: கடலூர் முதுநகர் துறைமுகம், விடியற்காலை]

நான் நிற்பது முதுநகர் துறைமுகம். கோடையில் நியூயார்க்கில் இரவு 7 மணி ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடிகாலை 4:30. ஒரு கையில் ஸ்கோர், எதிரே கரை திரும்பும் படகுகள். எனக்கு ரொம்பப் பிடித்த நேரம்! இங்கே ஒரு படகு வெறும் கூடையோடு வந்தால், உடனே அந்த அண்ணனுக்குத் தொழில் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? வலை நன்றாக இருந்ததா, நேரத்துக்குக் கிளம்பினாரா, எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டார்? இதெல்லாம் அவர் கையில். நீரோட்டம் மாறினால் அவர் என்ன செய்வார்?

பிட்சர் கதையும் இதேதான். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), வாக் (நாலு தவறான பந்து போட்டு பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது), ஹோம் ரன் (அடித்த பந்து மைதானத்தைத் தாண்டிப் போவது) மூன்றிலும் ஃபீல்டருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அது பிட்சரின் வலை. பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஃபீல்டர் கைக்குப் போகுமா, இடைவெளியில் ஓடுமா என்பதில் அவர் பங்கு மிகக் குறைவு. 2001-ல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் இதை எழுதியபோது பலரால் நம்பவே முடியவில்லை. அந்தப் பந்துகளில் லீக் முழுக்க சுமார் 30 சதவீதம் ஹிட் ஆகும், அதாவது பேட்டர் அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்துவிடுவார். இதற்குப் பெயர் பாபிப். ஒருவருக்கு மட்டும் திடீரென்று 36 ஆனால், பெரும்பாலும் நீரோட்டம்தான்.

இப்போது நம் உதாரண பிட்சர்: 60 இன்னிங்ஸ், 5 ஹோம் ரன், வாக்கும், பந்து பேட்டர் உடம்பில் பட்டதும் சேர்த்து 15, ஸ்ட்ரைக் அவுட் 70. ஹோம் ரன்னை 13-ஆல், வாக்கை 3-ஆல் பெருக்கிக் கூட்டினால் 110. ஸ்ட்ரைக் அவுட்டை இரட்டித்து 140-ஐக் கழித்தால் மைனஸ் 30. இன்னிங்ஸால் வகுத்து, லீக் சராசரிக்காக ஏறக்குறைய 3.1 கூட்டுங்கள். இதுதான் எஃப்ஐபி, ஃபீல்டரை ஒதுக்கிவிட்டு பிட்சரின் வலையை மட்டும் அளக்கும் எண்: 2.6! 4.50 என்று பயந்தோமே, அவர்தான்.

எடுக்கும் முன் பந்து வேகத்தைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் வலையே கிழிந்திருக்கலாம். அப்புறம் மைதானம்: டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து பறக்கும்.

ஒன்று முக்கியம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்தியாவின் 2025 சட்டம் தடை செய்துவிட்டது. இலவச லீக்கில் மட்டும் ஆடுங்கள்.

எஃப்ஐபி, ஈஆர்ஏவைவிட ஒரு ரன்னாவது குறைவாக இருக்கும் பிட்சர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கமெண்ட்டில் எழுதுங்கள். நாளை 4:30-க்கு இதே துறைமுகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவோம்.