ஆறு பட்டமும் பன்னிரண்டு பட்டமும்

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக யூகானின், கூடைப்பந்துப் புகழுக்குப் பெரிதும் காரணம் ஆண்கள் அணியா, பெண்கள் அணியா என்பது தலைப்பு. பெண்கள் அணியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் முழங்கிவிட்டுப் போனார். ஆண்கள் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றார்கள் என்றார். அதிலும் 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு என்றார். பணம் வருவது ஆண்கள் ஆட்டத்தில்தான் என்றார். போகிற போக்கில், பெண்கள் ஆட்டத்தில் போட்டியே கிடையாது, அதனால் அங்கே ஜெயிப்பது சுலபம் என்றும் ஒன்றை வீசிவிட்டு உட்கார்ந்தார்.

ஆறு பட்டம் உண்மைதான், நானும் கைதட்டினேன். ஆனால் 1995 முதல் 2025 வரை பெண்கள் வென்றது பன்னிரண்டு. இதைச் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்துவிடலாம். நடுவர் மணியடிக்க இன்னும் நேரம் இருப்பதால் தொடர்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். ஆண்களுக்கான தேசியத் தொடர் 1939-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அதே போன்ற தொடரை நடத்தத் தொடங்கியது 1982-இல். மூன்று வருடம் கழித்து, 1985-இல், இத்தாலியில் பிறந்து ஏழு வயதில் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜீனோ ஆரியேமா என்ற இளைஞர் யூகான் இருக்கும் ஸ்டோர்ஸ் என்ற சிற்றூருக்குப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அதுவரை அந்த அணி தோல்வியைவிட அதிக வெற்றி பெற்றது ஒரே ஒரு சீசனில்தான். பத்து வருடம் போகட்டும். 1995 ஜனவரியில், நாட்டின் முதலிடத்தில் இருந்த டென்னசி அணி யூகானின் கேம்பல் அரங்கத்துக்கு வந்தது. நிரம்பி வழிந்த அந்த அரங்கில் யூகான் பெண்கள் 77-66 என்று வென்றார்கள். அந்த வசந்த காலத்தில் இறுதி ஆட்டத்திலும் அதே டென்னசியைச் சாய்த்து, 35 ஆட்டத்தில் 35 வெற்றியோடு பட்டத்தை எடுத்து வந்தார்கள். அந்த அணியின் நட்சத்திரம் ரெபெக்கா லோபோ கனெக்டிகட் மாநிலத்தின் வீட்டுப் பிள்ளையானது அப்போதுதான்.

ஆண்களின் முதல் தேசியப் பட்டம் எப்போது? 1999. "1988-லேயே என்.ஐ.டி. கோப்பை வாங்கினோமே" என்று அங்கிருந்து ஒரு குரல் வருகிறது. வாங்கினீர்கள் அண்ணே, மறுக்கவில்லை. பெரிய தொடருக்கு அழைப்பு வராதவர்கள் ஆடுகிற தொடர் அது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் சபைக்கு வசதியாக இருந்திருக்கும்.

சரி, "போட்டியே இல்லை" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம்.

2016 மார்ச்சில் யூகான் பெண்கள் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 98-38 என்று அடித்தார்கள். அறுபது புள்ளி வித்தியாசம். இப்படி ஜெயித்தே பெண்கள் கூடைப்பந்தைக் கெடுக்கிறார்கள் என்றுகூட அப்போது பேச்சு கிளம்பியது. நன்றாக ஆடியதற்கு ஒரு அணி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆண்கள் அணி எழுபதுகளில் தொடர்ச்சியாக 88 ஆட்டம் ஜெயித்தபோது அதற்குப் பொற்காலம் என்று பெயர். அந்த 88-ஐ யூகான் பெண்கள் 2010 டிசம்பரில் தாண்டினார்கள். அப்புறம் 2014-இல் தொடங்கி இன்னொரு ஓட்டம்: தொடர்ந்து 111 வெற்றி.

அந்த 111-ஐ நிறுத்தியது யார் தெரியுமா? அறுபது புள்ளியில் தோற்ற அதே மிசிசிப்பி ஸ்டேட். ஒரே வருடம் கழித்து, 2017 அரையிறுதி, டல்லாஸ். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், கடைசி நொடியில் ஐந்தடி ஐந்து அங்குல மார்கன் வில்லியம் எறிந்த பந்து உள்ளே விழுந்தது. 66-64. போட்டி இல்லாத இடத்திலா இது நடக்கும்? யூகானைப் பிடிப்பதற்காக மற்றவர்கள் ஓடி ஓடித்தான் மொத்த ஆட்டமும் உயர்ந்தது. ஆண்கள் அணி நாட்டின் ஆண்கள் கூடைப்பந்தை இப்படி மாற்றியது என்று ஒரு உதாரணம் காட்டுங்கள், நான் மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது பணம். தேசியத் தொடரில் ஓர் ஆண்கள் அணி ஆடும், இறுதி ஆட்டம் தவிர்த்த, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்.சி.ஏ.ஏ. பங்குத்தொகை ஒதுக்கும். அது அந்த அணி சேர்ந்திருக்கும் கூட்டமைப்புக்கு, அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் குழுவுக்கு, போகும். பெண்களுக்கு? 2025 வரை ஒரு பைசா கிடையாது. கல்லாப்பெட்டியே வைக்காத கடையைப் பார்த்து வியாபாரம் ஆகவில்லை என்று சொன்னால் எப்படி? 2025-இல்தான் பெண்கள் தொடருக்கும் அந்தப் பங்கு வந்தது. வந்த முதல் வருடமே பட்டம் யாருக்கு? சவுத் கரோலினாவை 82-59 என்று வீழ்த்திய பெய்ஜ் பெக்கர்ஸின் யூகானுக்கு.

2024-ஐப் பற்றிப் பெருமையாகப் பேசினாரே அண்ணன், அந்த வருடக் கணக்கையே பார்ப்போம். யூகான் ஆண்கள் பர்டூவை வென்ற இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. முந்தைய நாள் நடந்த பெண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அதில் யூகான் ஆடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் இரண்டு நாள் முன்பு அரையிறுதியில் அயோவாவிடம் இரண்டே புள்ளியில் தோற்றிருந்தார்கள். அந்த அரையிறுதியை மட்டும் ஒரு கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்குக்காக வந்த கூட்டமும் அதில் பெரிது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் தோற்ற பெண்களின் அரையிறுதிக்கும் பட்டம் வென்ற ஆண்களின் இறுதிக்கும் கூட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. இதற்கு மேல் பணக் கணக்கை எதிரணி எடுக்காது என்று நம்புகிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2004, 2014 ஆகிய இரண்டு வருடங்களிலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே பட்டம் வென்றார்கள். வேறு எந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில் அதைச் செய்ததில்லை. அந்தப் பெருமை இருவருக்கும் பாதிப் பாதி.

மற்ற வருடங்களில்தான் வித்தியாசம் தெரிகிறது. 2013-இல் ஆண்கள் அணி தேசியத் தொடரில் ஆடவே இல்லை. படிப்புத் தேர்ச்சிக் கணக்கு போதவில்லை என்று தடை. அதே வருடம் யூகான் சேர்ந்திருந்த பழைய பிக் ஈஸ்ட் கூட்டமைப்பு உடைந்தது. பெரிய கூட்டமைப்பு எதுவும் கூப்பிடாமல், அமெரிக்கன் அத்லெடிக் என்ற புதிய கூட்டமைப்பில் யூகான் ஏழு சீசன் இருந்தது. அந்த ஏழு சீசனில் கூட்டமைப்பு அணிகளோடு பெண்கள் ஆடியது 139 ஆட்டம். தோல்வி பூஜ்யம். எதிரிகள் பலவீனமானவர்கள் என்பீர்கள். அதே பள்ளிகளின் ஆண்கள் அணிகளோடுதானே நம் ஆண்களும் ஆடினார்கள், அங்கே என்ன ஆயிற்று?

அடுத்துப் பேச வரும் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டுப் போகிறேன். 2017, 2018, 2019 மூன்று வருடமும் ஆண்கள் அணிக்குத் தேசியத் தொடருக்கு அழைப்பே வரவில்லை. பெண்கள் அணி 1989-க்குப் பிறகு ஒரு தொடரைக்கூடத் தவறவிட்டதில்லை. அந்த மூன்று மார்ச் மாதமும் யூகான் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாரே தம்பி, யார் ஆடுவதைப் பார்த்தார்? அதைச் சபையில் சொல்லிவிட்டு அவர் ஆறு பட்டத்தைப் பற்றிப் பேசட்டும். நன்றி, வணக்கம்.