கள்ளுக்கடை வாசலில் ஒரு தத்துவச் சண்டை

வணக்கம் நேயர்களே.

தாராளவாதம் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். தாராளம் என்றால் நம் பக்கத்தில் இலை நிறையச் சோறு போடுவது. இங்கே பொருள் வேறு. தனிமனித சுதந்திரத்தை முன்னிறுத்தி அரசியலை யோசிக்கும் மரபு அது. பேச்சு, எழுத்து, வழிபாடு ஆகியவற்றில் அரசு அநாவசியமாகக் கைவைக்கக் கூடாது என்பதில் அந்த மரபுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கட்சி. பிறகு எங்கே முட்டிக்கொள்கிறார்கள்? கள்ளுக்கடை வாசலில் என்பேன்.

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம் மாவட்டம்தான். கொண்டுவந்தவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. சந்தை நாளன்று தாத்தா கூலிக் காசைக் குறையாமல் கொண்டுவந்து கொடுத்தது அந்த ஐப்பசியில்தான் முதல் தடவை என்று பாட்டி சொல்வாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டு, யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்களோ என்று விடியும்வரை தூங்காமல் கிடந்தாளாம்.

அதே ராஜாஜிதான் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதியா என்று நேருவோடு மோதினார். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தொழிலில் தலையிடாதே என்றவர், குடிப்பவனின் குவளையை மட்டும் ஏன் பிடுங்கினார்?

இங்கிலாந்தில் இந்த வழக்கு முன்பே நடந்துவிட்டது. தாராளவாதத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் மதுவிலக்கைக் கண்டித்தார். கடையை மூடுவது வாங்குகிறவனின் சுதந்திரத்தில் கைவைப்பது என்றார். ஆனால் குடித்துவிட்டு அடிதடியில் இறங்கித் தண்டனை பெற்றவனுக்குத் தனிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டி.எச்.கிரீனும் தாராளவாதிதான். அவரோ, தடுப்பார் இல்லாதிருப்பது மட்டும் சுதந்திரம் அல்ல, உருப்படியாக ஒன்றைச் செய்து வாழும் சக்தியும் வேண்டும் என்று 1881இல் பேசினார். குடி அந்தச் சக்தியைத் தின்றுவிடுகிறது என்பதால் மதுக் கட்டுப்பாட்டை ஆதரித்தார். பிந்தைய காலத்தில் தத்துவவாதி ஐசையா பெர்லின் இவ்விரண்டையும் எதிர்மறைச் சுதந்திரம், நேர்மறைச் சுதந்திரம் என்று பிரித்துப் பெயரிட்டார். பெயர் வைத்ததால் சண்டை தீர்ந்துவிடவில்லை.

ராஜாஜி தொழிலில் மில்லின் பக்கம், குடியில் கிரீனின் பக்கம். இதை முரண்பாடு என்று எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கட்சியே, அடிப்படைக் கொள்கைகளில் சேராத விஷயங்களில் உறுப்பினர்கள் தத்தம் கருத்தைச் சொல்லலாம் என்று விதி எழுதிவைத்த கட்சி. கொறடாவுக்குப் பயந்து கை தூக்கும் இந்தக் காலத்தில் அதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

நான் மில் பக்கம் சாய்கிறவன். பாட்டி இருந்தவரை அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், "கடையை மூடியதில் யாருக்கும் நஷ்டமே இல்லையா, பாட்டி?" என்று கேட்டேன். முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"உன் பெரிய தாத்தா மரம் ஏறிக்கொண்டிருந்தார். கள் இறக்கக் கூடாது என்றதும் கோலார் தங்கவயலுக்குப் போனார். அவர் சம்சாரம் என்னோடு பேச்சை விட்டுவிட்டாள்" என்றாள்.