பூ ஆடணும், உதிரக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு அழைத்தபோது, கம்பை எடுத்து வரலாமா என்று கேட்டேன். வானொலியில் கம்பு எப்படித் தெரியும் என்று தயங்கினார்கள். தெரியாது, ஆனால் கேட்கும் என்றேன். இந்த அறையில் முழு வீச்சுக்கு இடமில்லை. ஒலிவாங்கியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று அரை வீச்சு வீசுகிறேன்.

(கம்பு வீசும் ஒலி)

விர்ரென்று கேட்டிருக்கும். சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றில் எழுப்பும் இந்த ஒலியால்தான் சிலம்பம் என்ற பெயர் வந்தது என்பார்கள். சிலம்பு என்றால் மலை, மலையில் பிறந்த கலை என்பதால் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு முதலாவது பிடிக்கும். காரணம் என் ஆசான். அதற்குப் பிறகு வருகிறேன்.

1996-இல் என் மகனுக்கு 7 வயது. அடிக்கடி சளி பிடிக்கும், ஓடியாடாத பிள்ளை. குறுக்குத்துறையில் ஒருவர் விடியற்காலையில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் அது. பெருவெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும். உற்சவரை முன்கூட்டியே மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி விட்டு மறுபடி பூசை நடக்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளி அன்றைக்கு நல்ல மணல் இருந்தது. அதுதான் எங்கள் களம்.

நான் படித்துறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். நாலைந்து நாள் பார்த்தார் ஆசான். ஒருநாள், “சும்மா உக்காந்திருக்கதுக்கு எந்திச்சு வந்து நில்லு தாயி” என்றார். எனக்கு அப்போது 31 வயது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பையன்களுக்குப் பின்னால் கடைசி ஆளாகப் போய் நின்றேன். மகன் ஒன்றரை வருடத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது எனக்கு 59.

ஆசானின் பெயரைச் சொல்ல மாட்டேன். மேடையில் தன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிற மனிதர் அவர்.

முதல் நாலு மாதம் கையில் கம்பே தரவில்லை. மணலில் கம்பு முனையால் கோடு கிழித்து, இங்கே வலது கால், அங்கே இடது கால், திரும்பு, மறுபடி முதல் இடத்துக்கு வா என்பார். காலடி. தினமும் காலடி. சிலம்பம் பார்க்கிறவர்கள் எல்லோரும் கம்பைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கம்பு எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது கால்தான். மணலில் குதிகால் அழுந்தினால் அடுத்த அடி தாமதமாகும். முன்பாதத்தில் மட்டும் நின்றால் கெண்டைக்கால் நடுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதை யாராலும் சொல்லித் தர முடியாது, பாதம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் பாதிச் சமையலைப் போட்டுவிட்டு இருட்டோடு ஓடி வருகிறேன், இங்கே வந்து கோட்டு மேல் நடக்கிறேனே என்று தோன்றும். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

அப்புறம் கம்பு வந்தது. நிமிர்ந்து நின்றால் நெற்றியைத் தொடுகிற உயரம் இருக்க வேண்டும். பொதுவாக ஐந்தரை அடி என்பார்கள், ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு வெட்டித் தந்தது அதைவிடக் குட்டை. மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிப் பதப்படுத்தித் தந்தார். முதல் மாதம் உள்ளங்கை தோல் உரிந்து, பிறகு விரல் அடியில் காப்பு காய்த்தது. ரசம் கரைக்கும்போது புளித்தண்ணீர் பட்டு எரியும். இன்றைக்கும் அந்தக் காப்பு இருக்கிறது. என் பேத்தி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவாள்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பால் தண்ணீரை அடிக்கச் சொல்வார். கம்பு உறுதிப்படும் என்பது ஒரு காரணம். எனக்கு அது வேறொன்றைக் காட்டியது. பலத்தை எல்லாம் திரட்டி ஓங்கி அடித்தால் தண்ணீர் கம்பைத் திருப்பி அடிக்கும், தோள்பட்டை வரைக்கும் அதிரும். தோளைத் தளர்த்திவிட்டு, கம்பின் கனத்தை மட்டும் விழவிட்டால் சளக்கென்று உள்ளே இறங்கும், கை வலிக்காது. ஒரே ஆறு, ஒரே கம்பு, ஒரே கை. அலுவலகத்தில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாள் காலையில் நிச்சயம் தோள் அதிரும். இன்றைக்கு என்ன கோபத்தில் வந்திருக்கிறேன் என்பது, எனக்குத் தெரியும் முன்பே தண்ணீருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கோபம் ஒருநாள் ஒரு பெண்ணின் தோளில் இறங்கியது. நான் கற்றுக்கொள்ளத் தொடங்கி நாலாவது வருடம். எங்களோடு பயின்ற கல்லூரி மாணவி. கம்பு முனையில் சாம்பல் தடவிய துணியைக் கட்டிக்கொண்டு, யார் உடம்பில் யார் தொட்டார்கள் என்று பார்க்கிற ஆட்டம். தொட்டாலே போதும், சாம்பல் ஒட்டிக்கொள்ளும். அடிக்க வேண்டியதே இல்லை. அவள் என்னை அடுத்தடுத்து மூன்று முறை தொட்டாள். நாலாவது முறை நான் வீசியது தொடுவதற்கான வீச்சே இல்லை. அது என் கைக்குத் தெரியும். அவளது காறையெலும்பில் விரிசல் விழுந்துவிட்டது.

ஆசான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்கு முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினார். எலும்பைப் படம் எடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். கட்டுப் பிரித்த பிறகு, “தினமும் நீ போய் எண்ணெய் தேச்சு விடு” என்றார். 40 நாள் போனேன். முதல் நாள் அவள் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தாம் நாளுக்கு மேல் காப்பி கொடுத்தார்கள். அந்தக் காப்பியைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் உடைத்த இடத்தை என் விரலாலேயே தடவித் தடவி, அந்த எலும்பு எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொண்டேன்.

ஆசானுக்கு வர்மம் தெரியும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று சொல்வார்கள். அடிபட்டவனை எழுப்புகிற அடங்கல் முறை கைவராதவனுக்கு அடிக்கிற இடத்தைக் காட்டவே மாட்டேன் என்பது அவர் வைத்திருந்த கணக்கு. எனக்கு அவர் ஓர் இடத்தைக்கூடக் காட்டவில்லை. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

அந்த 40 நாள் முடிந்து களத்துக்குத் திரும்பியபோது எனக்கென்று ஒரு பாடம் காத்திருந்தது. கரையில் இருந்த அரளிச் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து, நூலில் கட்டி, மரக்கிளையில் என் முக உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார். முழு வேகத்தில் வீசு, பூவுக்கு ஒரு விரக்கடை முன்னால் நிறுத்து என்றார். “காத்துல பூ ஆடணும். உதிரக் கூடாது.”

நேயர்களே, வேகத்தைக் குறைத்து வீசினால் பூ ஆடாது. வேகமாக வீசினால் கம்பு நிற்காது. கையை இறுக்கி நிறுத்தப் பார்த்தால் முனை துள்ளிப் போய்ப் பூவைத் தட்டிவிடும். அன்றைக்கு எத்தனை பூ உதிர்ந்தது என்று எண்ணவில்லை, செடி பாவம் என்று மட்டும் நினைத்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அதைச் செய்தேன். தினமும் பத்துப் பதினைந்து வீச்சு. மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. கம்பைக் கையால் நிறுத்த முடியாது. முன்னங்கால் ஊன்றுவதும், மூச்சு வெளியே போய் முடிவதும், பின்கை கம்பைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வதும் ஒரே நொடியில் நடந்தால் கம்பு தானாக நிற்கும். இவற்றில் எதையும் கடைசி நேரத்தில் நினைத்துக்கொண்டு செய்ய முடியாது. வீச்சைத் தொடங்கும்போதே அது நிற்க வேண்டிய இடமும் அதற்குள் இருக்க வேண்டும். முதல் நாலு மாதம் என்னைக் கோட்டு மேல் நடக்கவிட்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

இனிச் சொல்லப்போவதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. 2009-லிருந்து என் மாமியாருக்கு மறதி நோய். என்னை யாரென்றே தெரியாமல் போனது. நகையைத் திருடிவிட்டாய் என்பார், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறாய் என்பார். என்னைப் பெற்றவளைப் போல் பார்த்துக்கொண்ட அத்தை அவர். 2011-இல் ஓர் இரவு, மணி மூன்று இருக்கும். மூன்றாவது முறையாகப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தார். என் வலது கை எழுந்தது. எழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தோளுக்கு மேல் வந்துவிட்டது. வந்த இடத்தில் அப்படியே நின்றது. முன்னங்கால் ஊன்றியிருந்தது, மூச்சு வெளியே போய் முடிந்திருந்தது. நான் எதையும் தீர்மானிக்கவில்லை. அந்த விரக்கடை தூரத்தில் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். தான் என்ன செய்தோம் என்று தெரியாமல், யாரோ ஒரு பெண் தன் முன்னால் கையை ஓங்கி நிற்கிறாளே என்று பயந்துபோயிருந்த முகம். கையை இறக்கி அவர் தலையைக் கோதிவிட்டேன். விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஆன்மிகம் என்றால் இதுதான் என்று சொல்லுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஆனால் அதற்கு முன்பு முருகன் சன்னதியில் நின்றால் எனக்கு ஒரு பெரிய பட்டியல் இருக்கும். அந்த இரவுக்குப் பிறகு பட்டியல் இல்லை. போவேன், நிற்பேன், கும்பிடுவேன், வருவேன். அங்கே நிற்பதும் காலையில் களத்தைத் தொட்டு வணங்கிவிட்டு நிற்பதும் எனக்கு ஒன்றாகிவிட்டன.

ஆசானின் கடைசிக் காலத்தில் அவர் கண் மங்கிவிட்டது. 80 வயதைத் தாண்டியிருந்தார். படித்துறையில், முதல் நாள் நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் வந்து உட்காருவார். நாங்கள் சுற்றுவோம். முகத்தைக்கூடத் திருப்பாமல், “மூணாவது ஆளு, இடது கால் பிந்துது” என்பார். ஒலியை வைத்தே சொல்லுவார். ஒரு முறைகூடத் தவறியதில்லை. சிலம்பத்துக்குப் பெயர் ஒலியால் வந்தது என்று நான் நம்புவது அதனால்தான்.

இன்றைக்குச் சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மலேசியாவிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் காப்பாற்றி வருகிறார்கள். பெண் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கம்பெடுத்து வருவதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கும். ஆனால் ஒரு வருத்தம், அதையும் சொல்லிவிடுகிறேன். பானை மேல் நிற்கவைத்து, ஆணிப்பலகை மேல் நிற்கவைத்து, மணிக்கணக்காகச் சுற்று, சாதனைச் சான்றிதழ் வாங்கு என்று சின்னப் பிள்ளைகளை விரட்டுகிறோம். அத்தனை நேரம் சுற்றுவது பெரிய உழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு நிறுத்தத் தெரியுமா என்று யாராவது கேட்கிறோமா? அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆறு மாதத்தில் வரவும் வராது. பெற்றோர்களிடம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பத்து வருடம் விட்டுவையுங்கள். முடிந்தால் நீங்களும் எழுந்து பின்வரிசையில் நில்லுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் களமும் சேற்றுக்குள் போனது. கோயிலைக் கழுவுகிறவர்களோடு சேர்ந்து நாங்களும் மண்ணை வாரினோம். அரளிச் செடியை ஆறு கொண்டுபோய்விட்டது. வேறொரு செடி நட்டிருக்கிறேன், இப்போது பூக்கிறது.

காலையில் 14 பேர் வருகிறார்கள். அதில் 11 வயதுப் பையன் ஒருவன். பள்ளிக்கூடத்தில் யாரையாவது அடித்துவிட்டுத்தான் வருவான். அப்பா இல்லை. எந்நேரமும் உடம்பு விறைத்தபடியே இருக்கும். நாலு மாதம் கோட்டு மேல் நடந்தான், முணுமுணுத்துக்கொண்டே. கம்பு கொடுத்தேன். ஒன்றரை வருடம் ஆயிற்று. போன வாரம் அவனுக்கும் நூலில் பூ கட்டித் தொங்கவிட்டேன்.

நேற்று 37 பூ உதிர்ந்தது, அவனே எண்ணிச் சொன்னான். எல்லாவற்றையும் பொறுக்கி, கோயில் படியில் வைத்துவிட்டு வந்து, “அத்தை, இன்னும் ஒண்ணு கட்டட்டா?” என்று கேட்டான். கட்டு என்றேன்.

வணக்கம்.