வாடகை கட்டிய நாடகங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாடகம் என்றாலே கதை, வசனம், நடிப்பு என்று பேசிவிட்டுப் போகிறோம். வாடகையை யார் கட்டினார்கள் என்று கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்பை மேடையில் காட்டினால் அரங்கத்தையே ஓராண்டு பூட்டலாம் என்று 1927இல் அங்கே சட்டம் வந்தது. 1967 வரை அது நீக்கப்படவில்லை. அரங்க உரிமையாளருக்குப் பூட்டு பயம் இருக்குமா, இருக்காதா? கார்னிலியா தெருவில் ஜோ சீனோ 1958இல் திறந்த காப்பிக்கடை போன்ற மூலைகளில்தான் இந்த நாடகங்கள் துணிந்து மூச்சுவிட்டன.

பெண்களுக்கு அந்த மூலையும் அரிது. பெகி ஷா, லோயிஸ் வீவர் என்ற இரு கலைஞர்கள் ஐரோப்பாவில் பெண்கள் நாடக விழாக்களைப் பார்த்துவிட்டு, இன்னும் இருவரோடு சேர்ந்து 1980 அக்டோபரில் நியூயார்க்கிலேயே ஒன்று நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'வாவ் கஃபே' என்ற பெண்கள் நாடக அரங்கம். 1982இல் கிழக்கு 11ஆம் தெருவில் ஒரு சின்னக் கடையிடம் பிடித்தார்கள். வாடகைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? விருந்து வைத்தார்கள். ஒருநாள் டாக்டர், நர்ஸ் வேடத்தில் வரவேண்டும். இன்னொருநாள் பணக்கார வீட்டு மகள்களின் அறிமுக நடனத்தைக் கிண்டலடிக்கும் வேடம். வாசலில் வாங்கிய காசுதான் வாடகை.

இப்போது நான் சொல்ல வந்த வாவ் விதி. மேடை வேண்டுமா? முதலில் அடுத்தவர் நாடகத்துக்கு உழைக்க வேண்டும். விளக்கு பிடி, ஆணி அடி, டிக்கெட் கொடு, ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்கு. பிறகு கூட்டத்தில் உட்கார்ந்து தேதி கேள். பிரதியைப் படித்துத் தள்ளிவிடத் தேர்வுக்குழு கிடையாது, கலை இயக்குநரும் கிடையாது. கவனியுங்கள், உழைப்புதான் நுழைவுச்சீட்டு! இதில் தொல்லையும் உண்டு. பழகாத கை விளக்கைத் தாமதமாகப் போடும். எல்லோரும் சம்மதிக்க வேண்டுமென்றால் கூட்டம் இழுக்கும். எல்லோருக்கும் சொந்தமான கழிவறையை யார் கழுவுவது? பெரும்பாலும் போன வாரம் கழுவியவரேதான்.

ஆனாலும் இந்த விதிக்கு நான் கட்சிக்காரன். ஓவியராக நியூயார்க் வந்த ஹாலி ஹியூஸ் வாவில் தொண்டு வேலைக்குப் போய்த்தான் நாடகம் எழுதினார். அமெரிக்க அரசின் கலை மானியம் 1990இல் மறுக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். மானியத்தை மட்டும் நம்பிய அரங்கம் இப்படியொரு கையெழுத்தில் மூடிவிடும். பெருக்குகிற கைகளை நம்பிய அரங்கத்தை அப்படி மூட முடியாது. அதனால்தான் மறுபடி சொல்கிறேன், வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வாவ் 1980களின் நடுவில் கிழக்கு 4ஆம் தெருவில் ஒரு நாலாம் மாடிக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் வளர்ந்த நாடக ஆசிரியர் லிசா க்ரோன் 2015இல் அமெரிக்காவின் பெரிய நாடக விருதான டோனி விருது வாங்கினார். அதற்கு முன்பே அந்தத் தெருவில் சில கட்டடங்களை நகர நிர்வாகம் கலைக்குழுக்களுக்கே ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. விலை ஒரு டாலர், சரி. பழைய கட்டடத்தைச் செப்பனிடும் செலவு? அதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். வணக்கம்.