கோந்து லட்டும் செல்சுவரும்

வணக்கம் நேயர்களே. டெல்லியில் குளிர் தொடங்கியதும் காரி பாவ்லி மசாலாச் சந்தைப் பக்கம் போயிருப்பீர்கள். கடை வாசலில் மூட்டை மூட்டையாக, உடைத்த கற்கண்டு போல, மஞ்சளாக ஒன்று இருக்கும். ‘கோந்த்’ என்பார்கள். நாம் காகிதம் ஒட்டும் கோந்தும் அதே சொல்தான்.

என் மூத்த மகள் பிறந்தபோது கரோல்பாக்கில் குடியிருந்தோம். பேறுகாலம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு டப்பா கோந்து லட்டு கொண்டுவந்தார். “பிள்ளை பெத்தவளுக்குத் தபால் ஒட்டுற பசையையா குடுப்பாங்க?” என்று அம்மா டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள். மறுநாள் அந்த அம்மாளே அடுப்படிக்கு வந்து, காய்ந்த நெய்யில் நாலு கட்டி போட்டுக் காட்டினார். ஜவ்வரிசி வடகம் போலப் பொரிந்தது. கையில் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்த அம்மா, “அட, நம்ம கருவேலம் பிசினு!” என்றாள். டப்பா பரணிலிருந்து இறங்கியது. பாதியை அம்மாவே தின்றாள், அது வேறு கதை.

மரத்தில் காயம் பட்டால் பிசின் வடியும். பெரும்பகுதி சர்க்கரைதான், ஆனால் இனிக்காது. அராபினோஸ் என்ற சர்க்கரைக்குப் பெயர் வந்ததே, கருவேல இனத்து மரங்களில் வடியும் அராபிக் பிசினிலிருந்து. அந்தப் பிசினில் நூற்றுக்கு இரண்டு பங்கு போலப் புரதமும் உண்டு. இரண்டே பங்கு! இந்தப் பிசினைச் சேர்த்த ஆரஞ்சு பானத்தில் வாசனை எண்ணெய் மேலே மிதக்காமல் இருப்பது அதனால்தான். புரதம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் கிளைவிட்ட சர்க்கரை தண்ணீரோடு ஒட்டிக்கொள்கிறது.

இதே குடும்பத்துப் புரதங்கள் நீங்கள் காலையில் நறுக்கிய தக்காளியின் செல்சுவரிலும் இருக்கின்றன. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு உரியது என்று எண்ணியிருந்த ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம், செடியின் சுவரிலும் இருப்பதை 1960இல் லாம்போர்ட், நார்த்கோட் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். இந்தக் குடும்பத்தின் அடையாளமே அதுதான். சுவர் நீள இதைக் கொண்ட புரதமே காரணம் என்று எண்ணி, அதற்கு லாம்போர்ட் ‘எக்ஸ்டென்சின்’ என்று பெயர் வைத்தார். பெயர் அப்படி, வேலையோ நேரெதிர்: பூஞ்சை தாக்கினால், செடி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து இந்த இழைகளைக் கயிற்றுக் கட்டில் போல இறுக்கிப் பின்னிவிடும். தளர்ந்த கட்டிலை இழுத்துக் கட்டுவது போலத்தான்.

மகரந்தக் குழாய் வளர்வதிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்குண்டு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். லட்டு பிடிப்பவர்கள் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக நெய்யில் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உள்ளே பொரியாது, பல்லில் ஒட்டும். வணக்கம்.