பூநாரை பார்க்க ஐரோலி வந்தால் போதும்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் சேற்றின் மேல் நீளமாக ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிகிறதா? அவ்வளவும் பூநாரை. இது கோடியக்கரை இல்லை, நம்ம மும்பை பக்கத்துத் தாணே கழிமுகம்.

தாராவி, செம்பூர் ஆட்கள் பலரும் வாஷி ரயிலில் இதே கழிமுகத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியிருப்போம். 2015-இல் இதில் சுமார் 1,690 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பாதிக்கு மேல் அலையாத்திக் காடு, மீதி தண்ணீர். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் தாணே கழிமுகம் சேர்ந்துவிட்டது.

சரி, இத்தனை பறவை ஏன் இங்கே? சாப்பாடுதான் காரணம். சிறு பூநாரை என்ற இனம் அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு நுண்ணிய பாசியை வடிகட்டித் தின்னும். அந்த நிறமும் பாசியிலிருந்து வருவதுதான். குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். இந்தப் பாசி செழிக்க நம் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரில் வரும் சத்தும் ஒரு காரணம் என்கிறார்கள். "அப்போ சாக்கடை நல்லதா?" என்று கமென்ட்டில் கேட்பீர்கள், தெரியும். இல்லை. கழிவு அளவு மீறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். பறவை நிறைய வருவதை வைத்து தண்ணீர் சுத்தம் என்று நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியாது.

அதனால்தான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. பி.என்.எச்.எஸ். என்கிற பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 2022-இல் இங்கே சில பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டிவிட்டார்கள். அதில் ஒன்றுக்குப் பெயரே 'நவி மும்பை'! சீசன் முடிந்ததும் குஜராத் பக்கம் பறந்ததெல்லாம் அப்படித்தான் பதிவானது.

நவி மும்பை ஐரோலியில் வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையம் இருக்கிறது. பிள்ளைகளோடு வந்தால் முதலில் அங்கே போங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டது மாதிரி நிற்கும் வேர்களைக் காட்டுங்கள், அலையாத்தி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான்.

பூநாரை பார்க்கப் போகும் படகுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நேரம் ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தது, தினமும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் முழுதாக ஏறிவிட்டால் சேறு மூழ்கிவிடும், பறவைகள் நவி மும்பைச் சதுப்புப் பக்கம் போய்விடும். நவம்பருக்கு மேல் மே வரை வரலாம். சயானிலிருந்து தாணே, அங்கே வாஷி வண்டி மாறி ஐரோலி, அப்புறம் ஆட்டோ. தொப்பியை மறக்காதீர்கள், படகில் வெயில் மண்டையைப் பிளக்கும்.