நெட்டின் நடுவில் ஆறு அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் டென்னிஸ் முதல் கட்டத்தை முடித்து இரண்டாம் கட்டத்துக்கு வருகிறவர்கள் கையில், முதல் நாள் நான் மட்டைக்குப் பதில் அளவு நாடாவைத்தான் கொடுப்பேன். நெட்டை அளந்து பாருங்கள் என்பேன். கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவில் மூன்றே அடி. "சார், நெட் தொங்கிப்போச்சு" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். தொங்கவில்லை, நடுவில் பட்டை போட்டு இறக்கிப் பிடித்திருக்கிறது. விதியே அதுதான்.

அடுத்து கோர்ட். நேராக 78 அடி. ஒற்றையர் ஆட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே நாடாவை இழுத்தால் சுமார் 82½ அடி. ஆக, கிராஸ் கோர்ட், அதாவது குறுக்கே அடித்தால் பந்து நெட்டின் நடுவைக் கடக்கும்; தாண்ட வேண்டிய நெட்டில் ஆறு அங்குலம் குறைவு, பந்து விழ நாலரை அடி கூடுதல். இது தெரிந்தும் பிள்ளைகள் லைனை ஒட்டி நேராகத்தான் அடிப்பார்கள். டி.வி.யில் கைதட்டல் அதற்குத்தானே!

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். இருவர் ஆடும்போது மூன்றாமவர் தாளில் குறிக்க வேண்டும்: இந்தப் பாயின்ட் எதிராளி அடித்து எடுத்ததா, நாமே வெளியே அடித்துக் கொடுத்ததா? ஒரு மாணவி 4-6 தோற்றுவிட்டு, "அவ செர்வ் பயங்கரம் சார்" என்றாள். தாளைக் காட்டினேன். முக்கால்வாசி இவளே கொடுத்தவை. அதிலும் ஓடிக்கொண்டே பேக்ஹேண்டில், அதாவது மட்டைக் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை, நேராக அடித்தவைதான் அதிகம். ஒன்றும் பேசாமல் தாளை மடித்து மட்டை உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

செர்வுக்கு மட்டையைச் சுத்தியல் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். பலர் வாணலிபோலப் பிடித்துப் பழகியிருப்பார்கள். மாற்றினால் இரண்டு வாரம் பந்து கண்ட இடத்துக்கும் பறக்கும். திட்டு எனக்குத்தான்.

உத்தி என்றால் நான் சொல்வது 1975 விம்பிள்டன் இறுதியாட்டம். ஜிம்மி கானர்ஸ் நடப்புச் சாம்பியன். வேகமாக வரும் பந்தை அதைவிட வேகமாகத் திருப்புவார். கல்லூரி டென்னிஸில் வளர்ந்த ஆர்தர் ஆஷ் அந்த வேகத்தையே கொடுக்கவில்லை. கானர்ஸின் ஃபோர்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டைக் கைப் பக்கம், தாழ்வாக, மெதுவாகப் போட்டார். பேக்ஹேண்டுக்கு எட்டாத ஓரமாக செர்வ் போட்டார். கானர்ஸ் முன்னே வந்தால் தலைக்கு மேல் தூக்கி லாப். 6-1, 6-1, 5-7, 6-4. ஆஷிடமும் வேகம் உண்டு, அன்று அதை அடக்கி வைத்தார் என்பதைத்தான் வகுப்பில் இரண்டு முறை சொல்வேன்.

அந்த மாணவி அடுத்த வாரமும் அதே பெண்ணுடன் ஆடினாள். பேக்ஹேண்டை எல்லாம் குறுக்கே அடித்தாள். 5-7. தோல்விதான். ஸ்கோரை விட்டுவிட்டு நேராகத் தாளிடம் போனாள், விரல் விட்டு எண்ணினாள். "சார், நானா கொடுத்தது பதினொண்ணுதான்!"